குப்பைச் சாம்பலும் குழந்தையின் எலும்பும்

திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் குப்பை எரிக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தாய்மார்கள், பிள்ளையின் இருமலுக்கு மருந்து எழுதி வாங்கிய பிறகும் எழுந்துபோகாமல் ஒன்று கேட்பார்கள். "டாக்டருங்க, இந்தப் புகைல புள்ளைக்கு ஜீன் கெட்டுப்போயிருமுங்களா? நாளைக்கு அதுக்குப் பொறக்கறதுக்கும் வருமுங்களா?" யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று தள்ளிவிடக் கூடாத கேள்வி இது.

தீ துணியை எரிக்கும், காகிதத்தை எரிக்கும். குப்பையில் இருக்கும் ஈயம் (லெட்), காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை அதனால் அழிக்க முடியாது. கொஞ்சம் ஆவியாகி நுண்துகள்களில் படிந்து புகையோடு கிளம்பும், மிச்சம் சாம்பலில் தங்கும். பிவிசி பிளாஸ்டிக் சேர்ந்து எரிந்தால் அதிலுள்ள குளோரின் இந்த உலோகங்களை இன்னும் சுலபமாக ஆவியாக்கிவிடும். மருத்துவக் கழிவு உலையின் இரண்டாவது அறையில் 1050 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும் என்கின்றன 2016 விதிகள். ஆனால் உலோகத்தைப் பிடிப்பது வெப்பம் அல்ல, புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள். ரோட்டோரம் எரிகிற பனியன் வேஸ்ட்டுக்கும், செம்புக்காகக் கொளுத்துகிற பழைய வயருக்கும் அதெல்லாம் ஏது? 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோதும் அப்படித்தான்.

சரி, ஜீனுக்கு வருவோம். நம் செல்களில் டி.என்.ஏ. இழை தினமும் அறுகிறது, உடம்பே முடிச்சுப் போட்டுச் சரிசெய்கிறது. தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும்: நூல் அறுவது பிரச்சினை இல்லை, கட்ட ஆள் இல்லாவிட்டால்தான் துணி கெடும். காட்மியமும் ஆர்சனிக் என்கிற நஞ்சும் அந்த முடிச்சுப் போடும் வேலையைத்தான் தடுக்கின்றன. கன்னத்தின் உட்புறம் லேசாகச் சுரண்டி எடுத்த செல்களில் இந்தச் சேதத்தை எண்ணிப் பார்க்க முடியும். ஆனால் அது ஒரு ஊர்க் குழந்தைகளை இன்னொரு ஊரோடு ஒப்பிட உதவும் சோதனை. உங்கள் பிள்ளைக்கு நாளை என்ன ஆகும் என்று அது சொல்லாது, அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். இந்தச் சேதம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாக இறங்கும் என்று மனிதர்களில் நிறுவப்படவில்லை.

ஆனாலும் அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, வழிதான் வேறு. உடம்புக்குள் போன ஈயம் ரத்தத்தில் ஒன்றிரண்டு மாதம் இருக்கும். அப்புறம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் பல ஆண்டுகள் உட்கார்ந்துவிடும். இன்று தவழ்கிற பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரையும், கூடவே ஈயமும் கரையும். நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்தாது. அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி என்று நான் அதிகம் கவலைப்படுவது இதைத்தான்.

அதனால் நான் புகையைவிடச் சாம்பலைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பேன். கீரைப் பாத்திக்குச் சாம்பல் தூவுவது நம் ஊரில் பழைய பழக்கம். விறகுச் சாம்பல் என்றால் பரவாயில்லை. ஒரு வீட்டில் கொண்டுவந்து காட்டிய சாம்பலில் கருகிய ஜிப் பல், பாதி உருகிய பட்டன், வயர்த் துண்டு எல்லாம் கிடந்தன. அதை அரைக்கீரைக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டு விரலைச் சூப்புகிறது. வாய்வழி போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகள் உறிஞ்சிக்கொள்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஈய அளவு பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கூட்டிக் காட்டும். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-க்கு மேல்தான். 'டீடாக்ஸ்' பொடி விற்பவர்களிடம் போகாதீர்கள், சில பஸ்பங்களிலேயே ஈயம் இருக்கிறது.

வீட்டைக் கூட்டினால் தூசி பறக்கும், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பேட்டரி, வயர் வேலைக்குப் போகும் அப்பா குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். ராகிக் களியும் பாலும் கால்சியம் தரும். இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உள்ளே விடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதனால் ஹீமோகுளோபின் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. இரும்புச்சத்து மருந்து எழுதித் தந்தால் அதை டீயோடோ பாலோடோ கொடுக்காதீர்கள்.