ஊசிப்போகாத பிரியாணி

மடிப்பாக்கத்தில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு, திங்கட்கிழமை காலை கிளினிக்கில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே முந்தைய நாள் அக்கம்பக்கத்தில் விசேஷம் ஏதும் நடந்ததா என்பது ஓரளவு தெரிந்துவிடும். விருந்துக்குப் பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் தனியாக வருவதில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வருவார்கள். சில நேரம் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பதிலோடு இன்னொரு வாக்கியமும் தவறாமல் வரும்: "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், ஊசிப்போகல." அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த உண்மையை நம்பியதால்தான் நோயாளியாகி வந்திருக்கிறார்கள் என்பதை விளக்கவே எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.

ஒரு குடும்பத்தின் கதையை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஏறத்தாழ 650 சதுர அடியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வந்தவர்கள் 35 பேர். பக்கெட் பிரியாணியும் தால்ச்சாவும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் காலை 11.30 மணிக்கே வந்து இறங்கிவிட்டன, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு வண்டி அனுப்ப முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து தாய்மாமா வராமல் கேக் வெட்ட முடியாது. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. ஹாலில் பாய் விரித்தால் எட்டுப் பேர், சாப்பாட்டு மேசையில் நான்கு பேர், அதற்கு மேல் உட்கார இடமில்லை. முதல் பந்தி 1.15 மணிக்கும் இரண்டாம் பந்தி 2 மணிக்கும் நடந்தன. மூன்றாவதில் ஐந்து பேர் உட்கார்ந்தபோது மூன்று ஆகிவிட்டது. பரிமாறிய பெண்களும் குழந்தையின் பெற்றோரும் ஒருவழியாக இலையின் முன் உட்கார்ந்தது நான்கு மணிக்கு. ஏழு மணிக்கு முதல் வாந்தி. இரவு பத்து மணிக்குள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள்.

குடும்பத்தின் கோபம் முழுவதும் கடைக்காரர் மேல் இருந்தது. நான் கடையின் பெயரைக் கேட்கவில்லை. யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். முதல் இரண்டு பந்திகளில் சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் பந்தியில் ஒருவருக்கு லேசான குமட்டல். படுத்த ஆறு பேரும் கடைசிப் பந்தி. எல்லாருக்கும் வந்தது அதே பக்கெட்டிலிருந்து, அதே கரண்டியில்.

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் காய்ச்சல் இல்லாமல் வாந்தி தொடங்கினால், உணவிலேயே உருவாகிவிட்ட நச்சுப்பொருளைத்தான் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்போம். அரிசியில் இயல்பாகவே பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. சூடு தணிந்து சோறு வெதுவெதுப்பாகும்போது அவை விழித்துப் பெருகுகின்றன, அப்படிப் பெருகும்போது வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சோற்றில் விடுகின்றன. அந்த நச்சு பிரஷர் குக்கருக்குள் நிலவும் 120 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தையும் தாங்கக்கூடியது என்பதால், மறுபடி சூடு செய்துவிட்டோமே என்ற ஆறுதலுக்கு இங்கே பொருளில்லை. பரிமாறுபவரின் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும், குறிப்பாக விரலில் உள்ள வெட்டுக்காயத்திலிருந்தும் வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சும் ஏறத்தாழ இதே குணம் கொண்டது. இறைச்சிக் குழம்புகளில் வேறொரு கிருமி உண்டு: க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். பெரிய பாத்திரத்தின் நடுவில், மெல்ல ஆறும் சூட்டில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் அளவுக்கு அது வேகமானது. இது தரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் அன்று நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோதான் தொடங்கும்.

இவற்றில் எதுவும் வாசனையை மாற்றுவதில்லை. சோற்றை ஊசவைத்து, நூல் விடச் செய்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் கிருமிகள் வேறு. நம்மைப் படுக்கவைப்பவை பெரும்பாலும் வேறு. உணவில் கைவைப்பதற்கு முன் முகர்ந்து பார்க்கும் நம் பாட்டிகளின் பழக்கம் முதல் வகையைப் பிடிக்கும். இரண்டாம் வகைக்கு மூக்கு உதவாது, கடிகாரம்தான் உதவும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் 64 ஆகிறது, நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்குதான். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறைகிறது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் 32 டிகிரியைத் தாண்டாத சமையலறை எங்கே இருக்கிறது?

சிறிய வீடு என்பதால் என்ன மாறுகிறது என்று கேட்கலாம். கல்யாண மண்டபத்தில் 200 பேர் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் நேரே பந்திக்கு வருகிறது. 650 சதுர அடி வீட்டில் 35 பேரைச் சாப்பிடவைக்கவே மூன்று மணி நேரம் ஆகிறது. இடம் போதாதபோது, அந்தக் குறையை நேரத்தால்தான் ஈடுகட்டுகிறோம், அந்த நேரம் முழுவதும் உணவு சமையல் மேடையில் காத்துக் கிடக்கிறது. வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 30 பேர் என்றால் 3,000 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான். நம் வீடுகளில் அந்த ஏசியும் பெரும்பாலும் படுக்கையறையில் இருக்கும். அங்கே குழந்தை தூங்கும், விருந்தினரின் கைப்பைகளும் பரிசுப் பொட்டலங்களும் குளிர்ச்சியாக இருக்கும். பிரியாணி பக்கெட், மேற்கு வெயில் படும் சமையலறையில், பால் காய்ந்துகொண்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இட்லி மாவு ஏற்கெனவே பாதி இடத்தை எடுத்துக்கொண்டிருக்க, கேக் பெட்டியையும் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் நான்கையும் திணித்து, கதவை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால், உள்ளே 5 டிகிரி இருக்க வழியில்லை. குளிர்பானம் சூடானால் யாருக்கும் வாந்தி வராது. அவற்றை ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றிவிட்டு, ஃபிரிட்ஜைத் தயிர்ப் பச்சடிக்கும் கிரீம் கேக்குக்கும் விட்டுவிடுவது, நான் சொல்லும் யோசனைகளில் செலவே இல்லாத ஒன்று; ஆனாலும் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

உணவை எப்போது வரவழைப்பது என்பதில்தான் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. முடிந்தால் இரண்டு முறையாக, முதல் பந்திக்கு ஒன்றும் கடைசிப் பந்திக்கு ஒன்றுமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாது என்றால், உணவு வந்தவுடன் சாப்பாட்டைத் தொடங்கிவிட்டுக் கேக்கைப் பிறகு வெட்டுங்கள். தாய்மாமாவுக்காகக் கேக் காத்திருக்கலாம், பிரியாணி காத்திருக்கக் கூடாது. பிற்பகுதிக்கு வேண்டியதை, வந்த சூடு குறையும் முன்பே பக்கெட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, அடியில் தோசைக்கல் வைத்து, மிகச் சிறிய தீயில் மூடி வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் நான் சொல்லும் அளவுகோல், கையால் பிசைந்து சாப்பிட முடியாத சூடு இருக்க வேண்டும் என்பது. பக்கெட்டை அடிக்கடி திறந்து கிளறுவதும், ஒரே கரண்டியைப் பச்சடிக்கும் குழம்புக்கும் மாற்றி மாற்றிப் போடுவதும் வேண்டாம்.

பரிமாறுபவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தைப் பற்றி மருத்துவராக எனக்கு ஒரு கருத்து உண்டு. என்னிடம் இப்படி வரும் குடும்பங்களில் மோசமாகப் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்; அவர்கள் உடல் பலவீனமானது என்பதால் அல்ல, அவர்கள் தட்டுக்கு உணவு வருவதற்குள் அதற்கு வயதாகிவிடுகிறது. இரண்டு பேர் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பரிமாற வரட்டும்.

வளைகாப்பு இதில் தனிக் கவனம் வேண்டிய நிகழ்ச்சி. மையத்தில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறார். உணவோ ஐந்து வகை, ஏழு வகைக் கலவை சாதம். அந்தச் சாதங்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. புளியோதரை நீண்ட பயணத்துக்குக் கட்டுச்சோறாக இருந்ததற்குக் காரணம் அதன் புளிப்பும் எண்ணெயும், நீர்ப்பசை குறைவாக இருப்பதும். எலுமிச்சை சாதம் அதற்கு அடுத்த நிலை. தேங்காய்ச் சாதத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் அந்தப் புளிப்புக் காவல் இல்லை. தயிர்ச்சாதத்தில், மாலைவரை புளிக்கக் கூடாது என்று பாலை நிறைய ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். கிருமியைத் தடுக்கும் புளிப்பையே தள்ளிப்போடுகிறோம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. காலையிலேயே கட்டிவைக்க வேண்டும் என்றால் புளியோதரையை வையுங்கள், தேங்காய்ச் சாதத்தைக் கடைசியில் கிளறுங்கள், தயிர்ச்சாதத்தைக் குளிர்ச்சியில் வையுங்கள்.

மாலை விருந்துகளில் சாண்ட்விச்சுக்கும் வறுத்த கோழிக்கும் தொட்டுக்கொள்ள மயோனைஸ் வாங்குகிறார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் வளரும் அபாயமே காரணம். வீட்டில் மிக்ஸியில் அடித்துக்கொண்டாலும் அபாயம் அதேதான். 35 பேருக்கு ஒரே கழிப்பறை, ஒரே வாஷ்பேசின் என்னும் நிலையில் திரவ சோப்பும் காகிதத் துண்டும் வையுங்கள். சானிட்டைசர், வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. இரண்டு நாளுக்குள் வயிற்றுப்போக்கு இருந்தவர் சமையலறைப் பக்கம் போக வேண்டாம்.

மிச்சத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு, உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், மீந்த பிரியாணியை டப்பாக்களில் போட்டுக் காவலாளிக்கும் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் கொடுக்கிறோம். அவர்கள் அதை இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகளோடு சாப்பிடுவார்கள். நாம் நான்கு மணிக்குச் சாப்பிட்டு வாந்தி எடுத்த அதே உணவு, இன்னும் ஐந்து மணி நேரம் கூடுதலாகக் கிடந்த பிறகு. அன்றாடக் கூலி இழக்கும் அவர்கள் என் கிளினிக்குக்கு வருவதும் இல்லை என்பதால் எத்தனை பேர் படுத்தார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. கொடுக்க நினைத்தால் முதல் பந்தி தொடங்கும்போதே, சூடாக, அவர்கள் பங்கை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு மீத்துவைப்பது என்றால் அகலமான தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரிலேயே கரைக்க வேண்டும். குடிக்க இலகுவாக இருக்கும் என்று அரை லிட்டரிலோ இரண்டு லிட்டரிலோ கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு சமதளத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். வாந்தி எடுத்தவருக்கு ஒரு தம்ளரை ஒரே மூச்சில் கொடுக்காமல், தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள். சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சரியான விகிதத்தில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, குழந்தை சோர்ந்து துவண்டுபோதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், கர்ப்பிணிக்கோ முதியவருக்கோ வாந்தி நிற்காவிட்டாலும், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மருத்துவரிடம் வரும்போது கடையின் பில்லைவிட எனக்குப் பயன்படுவது ஒரு துண்டுச் சீட்டு. உணவு எத்தனை மணிக்கு வந்தது, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், முதல் வாந்தி எப்போது, அதே உணவைச் சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்கள் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பவற்றை அதில் எழுதிக்கொண்டு வாருங்கள்.