சுரைக்குடுக்கை முதுகில், லைஃப் ஜாக்கெட் மார்பில்: ஏன்?

குடியாத்தத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியதைப் பார்த்தேன். அந்தப் படகுக்கு பிரேக் கிடையாதாமே? கடலில் யாராவது தவறி விழுந்தால் எப்படித் திரும்பிப் போய்த் தூக்குவார்கள்? லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அவர் பாட்டுக்கு மிதக்கப்போகிறார், அப்புறம் என்ன அவசரம்? நம் பாலாற்றில் பாய்மரப் படகு விட முடியுமா?"

கடைசிக் கேள்வியைக் கடைசியில் பார்ப்போம். ஜாக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். என் மானம் போன கதை ஒன்று அதில் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. காட்பாடிப் பக்கம் மாமாவின் நிலத்துக் கிணற்றில் நீச்சல் பழக்க அழைத்துப் போனார்கள். வட ஆற்காட்டுப் பாசனக் கிணறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் ரூம் ஒரு பக்கம், வழுக்கும் கல் படி ஒரு பக்கம், கீழே பச்சைத் தண்ணீர். காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை முதுகில் கட்டிவிட்டு, மாமா யோசிக்க நேரம் கொடுக்காமல் தள்ளிவிட்டார். குடுக்கை தன் வேலையைச் சரியாகவே செய்தது. மிதந்தது, என் முதுகையும் மிதக்க வைத்தது. முகம் மட்டும் தண்ணீருக்குள். மேலே இருந்து மாமா, "தலையைத் தூக்குடா, தலையைத் தூக்கு!" என்று கத்துகிறார். காதுக்குள் தண்ணீர் போனவனுக்கு அது எங்கே கேட்கும்?

நீச்சல் பழக அந்த ஏற்பாடு அருமையானது. குப்புறக் கிடந்து கை கால் அடிக்கத்தானே பழக வேண்டும்? அடிக்க முடியாதவனுக்கு, அதாவது மயங்கிக் கிடப்பவனுக்கு, அதே குடுக்கை எமன். லைஃப் ஜாக்கெட்டின் சூட்சுமம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆர்க்கிமிடீஸைப் பள்ளியில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். வெளியேற்றிய நீரின் எடைதான் மிதப்பு விசை. மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீருடையதுதான். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தால் நம்மில் பெரும்பாலோர் மிதப்போம், மூச்சை விட்டால் மெல்ல முழுகுவோம். எழுபது கிலோ ஆளின் தலையைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்க நான்கைந்து கிலோ கூடுதல் மிதப்பு கிடைத்தால் போதும். ஏறக்குறைய அவர் தலையின் எடைதான் அது.

பிறகு ஏன் கடலில் போகிறவர்கள் 150 நியூட்டன் ஜாக்கெட் போடுகிறார்கள்? பத்து நியூட்டன் என்றால் தோராயமாக ஒரு கிலோ. ஆக இது பதினைந்து கிலோவைத் தாங்கும் ஜாக்கெட். தேவையைப் போல மூன்று மடங்கு! விஷ்ணு சரவணன் மாதிரி சின்னப் படகில் பந்தயம் போகிறவர்கள் 50 நியூட்டன் வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரில் விழுவதும் ஏறுவதும் அன்றாட வேலை, சுயநினைவோடு இருப்பார்கள். பெரிய ஜாக்கெட் அசையவே விடாது. அந்த 50 மிதக்க வைக்கும், ஆனால் மயங்கியவரைத் திருப்பிப் போடும் என்று நம்ப முடியாது. கூடுதல் நியூட்டன்கள் முக்கியமாக இந்தத் திருப்பிப் போடும் வேலைக்குத்தான்.

திருப்புவது எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஒரு பக்கம் மார்க்கரால் முகம் வரையுங்கள். கண், மூக்கு, முடிந்தால் மீசை. இப்போது விரல் அகலத் தெர்மோகோல் துண்டு ஒன்றை அந்த முகம் இருக்கும் பக்கமே ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். பக்கெட்டில் முகம் கீழே இருக்கும்படி படுக்கவைத்துக் கையை எடுங்கள். பாட்டில் அரை நொடி தயங்கும், ஒரு பக்கம் சாயும், அப்புறம் சடாரென்று புரண்டு மீசைக்காரர் கூரையைப் பார்ப்பார். தெர்மோகோலை முதுகுப் பக்கம் மாற்றிக் கட்டினால் எத்தனை முறை நிமிர்த்தி வைத்தாலும் குப்புறத்தான் கவிழ்வார். ஒன்பது வயது நான்.

அந்த அரை நொடித் தயக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். எடை கீழ்நோக்கி இழுக்கிறது, உடம்பில் அது செயல்படும் புள்ளி தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே. மிதப்பு மேல்நோக்கித் தள்ளுகிறது, நுரையீரலில் காற்று இருப்பதால் அதன் புள்ளி நெஞ்சில். மார்பில் ஜாக்கெட் கட்டியவர் குப்புற விழுந்தால் மிதப்புப் பொருள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. கீழிருந்து தள்ளும் விசை, மேலிருந்து அழுத்தும் எடை: விரல் நுனியில் துடைப்பத்தை நிறுத்திய கதை. ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் இரண்டு விசைகளும் ஒரே கோட்டிலிருந்து விலகுகின்றன, விலகியதும் ஜோடி சேர்ந்து உடம்பைச் சுழற்றுகின்றன. பாதி புரளும் வரை திருப்புதிறன் கூடிக்கொண்டே போகிறது. மல்லாந்ததும் மிதப்பு மேலே, எடை கீழே: கொடியில் தொங்கும் வாளி மாதிரி நிலைத்துவிடுகிறது. அலை ஆட்டினாலும் திரும்ப அந்த நிலைக்கே வரும்.

துடைப்பம் சில நேரம் விரலில் நின்றுவிடுமே, அப்போது? அதற்காகவே சில ஜாக்கெட்டுகளின் இரண்டு பக்கப் பைகளை வேண்டுமென்றே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தைக்கிறார்கள். சமநிலை தப்பியே தீர வேண்டும். இதை யோசித்தவரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இத்தனை கணக்கையும் ஒரு பட்டை கெடுத்துவிடும். தொடைகளுக்கு இடையே போகும் வாரை மாட்டாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே எழும்பிக் காது வரை வந்துவிடும், ஆள் கீழே தொங்குவார். ஒரு படகு இல்லத்தில் எனக்கு மாட்டிவிட்ட ஜாக்கெட்டில் இடுப்புக் கொக்கியே இல்லை, சணல் கயிறு கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, "ஏரி ஆழமே இல்ல சார்" என்றார் பையன். குப்புறக் கிடப்பவனுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, இறங்கிவிட்டேன்.

உள்ளே என்ன அடைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1854-ல் இங்கிலாந்தில் கேப்டன் வார்டு தக்கைக் கட்டைகளைத் தைத்து ஓர் உடுப்பை உருவாக்கினார். 1861-ல் விட்பி கடலோரத்தில் மீட்புப் படகு கவிழ்ந்தபோது, அந்தத் தக்கை உடுப்பைப் போட்டிருந்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் பிழைத்தார். அடுத்து வந்தது நம் தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு. அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றடைத்த குழல், வெளியே மெழுகுப் பூச்சு. தன் எடையைப் போல முப்பது மடங்கைத் தண்ணீரில் தாங்கும். 1942-ல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு நின்றுபோனது. உடனே பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பி, நம் எருக்குக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் காய்களைப் பறிக்கவைத்தார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்று பிரசாரம். பாலாற்றங்கரை முழுக்க எருக்கு மண்டிக் கிடக்கிறது. வீட்டில் முளைத்தால் ஆகாது என்று பிடுங்கி எறிகிறோம். அந்தப் பஞ்சை வைத்து நம் கல்லூரிகளில் யாராவது உருப்படியாக ஆராயலாம். பெரிய கருவியோ கோடிகளோ வேண்டாம், ஒரு தராசும் பக்கெட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இப்போது நுரை வகைதான் பரவலாக இருக்கிறது. கடலோடிகள் கழுத்தில் பட்டையாகப் போடுவது காற்று ஊதும் வகை. அதற்குள் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்ன உருளை. 44 கிராம் ஏறக்குறைய 24 லிட்டர் என்ற கணக்குப்படி 18 லிட்டர் வாயு, அதாவது 18 கிலோ மிதப்பு. சில வகைகளில் தண்ணீர் பட்டால் கரையும் மாத்திரை ஒன்று சுருள்வில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். மாத்திரை கரைந்ததும் ஊசி பாய்ந்து உருளையைத் துளைக்கும்.

சரி, மிதக்கிறார். என்ன அவசரம்? படகு மணிக்கு பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு மூன்று மீட்டர். "ஐயோ!" என்று கத்தி, யார் விழுந்தது என்று பார்த்து முடிப்பதற்குள் நூறு மீட்டர் தாண்டியிருக்கும். அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவு. பார்வையை ஒரு முறை எடுத்தால் தேங்காய் தொலைந்தது. அதனால்தான் விழுந்தவுடன் ஒருவரை அமர்த்திவிடுவார்கள். கையை நீட்டி விழுந்தவரைச் சுட்டிக்கொண்டே நிற்பதைத் தவிர அவர் வேறு எதையும் தொடக்கூடாது.

பிரேக் இல்லைதான். ஆனால் பாய்க் கயிற்றைத் தளர்த்தினால் பாய் கொடியில் காயும் வேட்டி போலப் படபடக்கும், இழுவை போய்விடும். இது எல்லாத் திசையிலும் நடக்காது. காற்று பின்னாலிருந்து வந்தால், பாயை எவ்வளவு விட்டாலும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் சாய்ந்து காற்றை நிறைத்துக்கொண்டே இருக்கும். நேர் எதிர்க்காற்றிலோ படகு நகரவே நகராது. எனவே எட்டு எண் போட்டதுபோல் சுற்றி வந்து, கடைசி முப்பது நாற்பது மீட்டரை முன்பக்கவாட்டுக் காற்றில் நெருங்குகிறார்கள். அந்தக் கோணத்தில்தான் கயிற்றை இழுத்தால் வேகம், விட்டால் நிதானம். மோட்டார் இருந்தாலும் ஆளுக்கு அருகே விசிறி சுழலக்கூடாது.

பக்கத்தில் வந்தாயிற்று. புதியவர்கள் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான். கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு விஷயம் தெரியும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை பஞ்சு மாதிரி வரும், மேற்பரப்பைத் தாண்டியதும் தோள்பட்டை பேசும். கடலில் நான்கு கிலோவாக இருந்தவர் வெளியே எடுக்க எடுக்க எழுபது கிலோ ஆகிறார், அதற்கு மேல் துணி குடித்த தண்ணீர். படகின் விளிம்போ ஒரு மீட்டர் உயரம். குளிரில் விறைத்தவரால் நமக்கு உதவவும் முடியாது.

ஆகவே பாயை ஏற்றும் கயிற்றையும் அதைச் சுற்றும் உருளையையுமே ஆளைத் தூக்கப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு முறை நம் மரவாடிகளில் கட்டையை வண்டியில் உருட்டி ஏற்றுவதுதான். வலையின் ஒரு விளிம்பைப் படகில் கட்டி, ஆளை அதில் கிடத்தி, மறு விளிம்பை இழுத்தால் அவர் உருண்டு மேலே வருவார். ஆளே நகரும் கப்பி ஆகிவிடுவதால் பாதி விசை போதும். கிடந்த வாக்கில் வருவது இன்னொரு நன்மை. தண்ணீரின் அழுத்தம் கால்களிலுள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். வெகுநேரம் கிடந்தவரை நிற்கும் வாக்கில் தூக்கினால் அந்த அழுத்தம் நீங்கி, ரத்தம் கால்களில் இறங்கி, காப்பாற்றிய கைகளிலேயே இதயம் நின்றுபோகலாம்.

இதனால்தான் பெரும் மாலுமிகள் விழாமலிருக்கப் படகோடு வார் போட்டுப் பிணைத்துக்கொள்கிறார்கள். பிரான்சின் எரிக் தபர்லி உலகறிந்த பாய்மர வீரர். 1998 ஜூனில் ஓர் இரவு ஐரிஷ் கடலில் தன் சொந்தப் படகிலிருந்து விழுந்தார். வாரும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. கூட இருந்தவர்களால் இருட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் ஊரில் வேறொரு ஜாக்கெட் புழக்கத்தில் இருக்கிறது. "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று ஜோசியர் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையைக் கிணற்றுப் பக்கமே விடமாட்டார்கள். நீச்சல் தெரியாமல் வளர்ந்து, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது போல ஒரு நாள் வெள்ளம் வந்தால், ஜோசியர் சொன்னது பலிக்கத்தானே செய்யும்? எனக்கும் அதே கண்டம்தான் சொன்னார்களாம். மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லாதது என் அதிர்ஷ்டம்.

பாலாறா? படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் ஒரு பலகை நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். பாலாற்றில் தண்ணீர் ஓடும் சில நாட்களிலும் அது மணலில் தட்டும், தட்டாத நாளில் வெள்ளம் நம்மை விடாது. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும்போது, வடகிழக்குக் காற்றடிக்கும் ஒரு மாலையில் யோசிக்கலாம். அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு. தொடைப் பட்டையுள்ள ஜாக்கெட் இரண்டு நான் கொண்டுவருகிறேன்.