‘சரி’ என்று சொன்னால் போதுமா?

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் கனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபேயில் லாஸ் ரோதியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்தில் வந்து குவிந்திருந்தன. மாலை ஐந்து மணிக்கு மேல் மேகம் இறங்கி ஓடுபாதையை மூடிவிட்டது. ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதை நோக்கி ஊர்ந்து வருகிறது. இரண்டு விமானிகளும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. விமானங்களுக்கு உத்தரவு தரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கும் எதுவும் தெரியவில்லை. தரை ரேடாரும் அங்கே கிடையாது. அன்று அவர்கள் எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான் கண்.

ஒரு குழுவை நடத்துகிறவருக்கு நன்றாகப் பேச வர வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது, இந்த விபத்துக்கு முந்தைய கடைசி நிமிடத்தின் உரையாடல்.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி என்ஜின் விசையைக் கூட்டத் தொடங்குகிறார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி தடுக்கிறார். “தெரியும், கேளுங்கள்” என்கிறார் தலைமை விமானி. கிளம்பிய பிறகு செல்ல வேண்டிய வழிக்கான உத்தரவு கோபுரத்திலிருந்து வருகிறது. ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் அனுமதி அதில் இல்லை. துணை விமானி அந்த உத்தரவைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் “நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்” என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கிறார். கிளம்பும் இடத்தில் காத்திருக்கிறார்களா, கிளம்பிக்கொண்டே இருக்கிறார்களா? இரண்டு பொருளும் அதற்குள் இருக்கின்றன. கோபுரத்தில் இருந்தவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டு “ஓகே” என்கிறார். சிறிய இடைவெளி விட்டு, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்கிறார். அதே நொடியில் பான் ஆம் விமானி, தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறிச் சொல்கிறார்.

இந்த இரண்டு செய்திகளும் கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாகக் கேட்கவில்லை. விமான ரேடியோவில் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால், அவர்களுடைய கருவிகள் அனுப்பும் அலைகளின் அதிர்வெண்ணில் உள்ள சிறு வேறுபாடே ஒரு தனி ஒலியாக மாறிவிடும். சுருதி சரியாகச் சேராத இரண்டு தந்திகளை ஒன்றாக மீட்டினால் எழும் அலையலையான அதிர்வும் இதே வகைதான். ரேடியோவில் அது கீச்சென்ற சத்தமாகி, பேச்சை விழுங்கிவிடும். ஏறத்தாழ நான்கு நொடி நீடித்த அந்தச் சத்தத்துக்கு முன்னால் தெளிவாகக் கேட்ட சொல் “ஓகே” மட்டுமே.

நம் ‘சரி’யும் இப்படிப்பட்ட சொல்தான். காதில் விழுந்தது, புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்கிறேன், பேச்சை முடித்துக்கொள்வோம் என்ற எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்கிறோம். எதைச் சொல்கிறோம் என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இருக்கும் மனம் தனக்கு வேண்டியதையே ஊகிக்கும்.

விமானம் வேகமெடுத்துவிட்டது. பான் ஆம் விமானி, ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிப்பதாகக் கோபுரத்திடம் சொல்வது இப்போது கேட்கிறது. கே.எல்.எம். விமானப் பொறியாளர் அதைக் கவனித்துவிட்டார். “அப்படியானால் அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?” என்று கேட்கிறார். தலைமை விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்கிறார். மற்றவர்கள் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 உயிர்கள் போயின.

அந்தப் பொறியாளர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வியாகக் கேட்டார். அவருக்கு முன்னால் அமர்ந்திருந்தவர், அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்கெல்லாம் தலைமைப் பயிற்சியாளர். துணை விமானியின் 747 தகுதிச் சோதனையை நடத்தியவரும் அவரே. பதவியில் தாழ்ந்தவர் தன் எச்சரிக்கையைக் கேள்வியாக மெலித்துச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. “சார், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்று நாம் சொல்லும்போது உள்ளே ‘இது தவறு’ என்ற கத்தல் இருக்கும். தலைவரின் காதுக்கு அது வெறும் யோசனையாகப் போய்ச் சேரும்.

விபத்துக்குப் பிறகு விமானத்துறை சொற்களைத் திருத்தியது. ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உண்மையான அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். உத்தரவை ‘ஓகே’ என்று ஏற்காமல், அதன் முக்கியப் பகுதிகளை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்த முறை அறுவை அரங்குகளிலும் நுழைந்திருக்கிறது. மருத்துவர் ‘அரை மில்லி’ என்கிறார். செவிலியர் ‘சரி’ என்றால், ஒரு குரல் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். ‘ஆறு மில்லி’ என்று திருப்பிச் சொன்னால் பிழை ஊசிக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். அலுவலகத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்பதைவிட, ‘முதலில் எதைச் செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்பது எவ்வளவோ மேல். முதல் கேள்விக்கு ‘புரிந்தது’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும்.

சொல்லைத் திருத்துவது எளிது, பதவி தரும் பயத்தைத் திருத்துவது கடினம். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், சக்கரக் கோளாறிலேயே தலைமை விமானியின் கவனம் இருக்க, எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் உறைக்கும்படி சொல்லவில்லை. அடுத்த ஆண்டு நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல், அந்த விமானத்தை இயக்கிய யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு முழுப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர்கள் தயங்காமல் சொல்லவும், தலைமை விமானி கேட்டு வாங்கவும் அதில் பழகினார்கள்.

1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் என்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் பாகங்களைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. எதைத் திருப்பினாலும் விமானம் பணியவில்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்ச்சை உள்ளே அழைத்து, மீதமிருந்த இரண்டு என்ஜின்களின் விசையை அவர் கையில் கொடுத்தார். காக்பிட்டில் இருந்த நால்வரின் அனுபவம் சேர்ந்து 103 ஆண்டுகள், ஆனால் இப்படியொரு விமானத்தை ஓட்டிய அனுபவம் யாருக்கும் ஒரு நிமிடம்கூட இல்லை, மற்ற மூவரைவிட எனக்கு மட்டும் என்ன அதிகம் தெரிந்திருக்கும் என்று ஹேன்ஸ் பின்னாளில் கேட்டார். அமெரிக்காவின் சூ சிட்டி நகர ஓடுபாதையில் மோதி, உடைந்து, தீப்பிடித்த அந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிறகு அதே நிலையைச் சிமுலேட்டரில் உருவாக்கி அனுபவமுள்ள விமானிகள் முயன்று பார்த்தபோது, பத்திரமாகத் தரையிறக்குவது ஏறத்தாழ முடியாத காரியம் என்று தெரிந்தது.