எல்இடி மாட்டியாச்சு, பில் ஏன் குறையல?

போன வாரம் இன்னொரு கல்லூரி. காபி வருவதற்குள்ளேயே முதல்வர் ஆரம்பித்துவிட்டார்: "சார், கேம்பஸ் முழுக்க எல்இடி மாட்டிட்டோம். பில் பெருசா குறையவே இல்லையே, மீட்டர்ல ஏதாவது கோளாறா?"

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. எரிசக்தித் தணிக்கைக்கு என்று நான் போகிற கல்லூரிகளில் முக்கால்வாசி இடத்தில் இதுதான் முதல் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆறு டியூப்லைட், ஆறு ஃபேன். பழைய 40 வாட் டியூப், அதன் சோக் தின்பதையும் சேர்த்து 52 வாட் என்று வையுங்கள். அந்த இடத்தில் இப்போது 20 வாட் எல்இடி. ஆறுக்கும் சேர்த்து 192 வாட் மிச்சம். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் தலைக்கு மேலே சுற்றுகிற அந்த ஆறு ஃபேனும் ஒவ்வொன்றும் 75 வாட், மொத்தம் 450. விளக்கு மாற்றுவதற்கு முன்னாலும் 450, மாற்றிய பிறகும் 450. அப்புறம், நம் ஊர்ப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வகுப்புகளுக்கு விளக்கே தேவையில்லை, ஃபேன் இல்லாமல் மட்டும் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எரியவே தேவையில்லாத விளக்கை மாற்றிவிட்டு, காலை முதல் சாயங்காலம் வரை ஓடுகிற ஃபேனை அப்படியே விட்டுவிட்டு, பில் ஏன் குறையவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வாட் பாதிக் கணக்குதான் ஐயா. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது மீதிக் கணக்கு.

பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடுகிற ஃபேன், 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. வகுப்பறையில் வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு 72 யூனிட் மிச்சம். விடுதி அறையில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருஷத்தில் 280 நாள் என்று பார்த்தால் 200 யூனிட்டைத் தாண்டும். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டாலே 1,600 ரூபாய், சாதாரண ஃபேனுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு வருஷத்தில் திரும்பிவிடும். ஆகவே முதலில் விடுதியில் மாட்டுங்கள். நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் முதல் பிஎல்டிசி ஃபேன் முதல்வர் அறையில்தான் தொங்குகிறது, அங்கே ஏசி ஓடுவதால் அது சுற்றுவதே இல்லை.

இந்தக் கல்லூரியிலும் ஒரு தளத்துக்கு மட்டும் மாட்டியிருந்தார்கள். நாலைந்து ஃபேன் அதற்குள் படுத்துவிட்டது. சுவரில் பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கிறது, ஃபேன் அதன் வழியாகத்தான் ஓடுகிறது, உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு அது ஆகாது. "ஏன் அண்ணே இதை எடுக்கல?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "எடுத்தா சுவத்துல ஓட்டை தெரியுது சார்." எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஓட்டையை ஒரு பிளாங்க் பிளேட் மூடும், ஃபேனுக்குள் இருக்கும் போர்டு எரிந்தால் அதை மூட ஒன்றும் கிடைக்காது. வகுப்பறைக்கு ரிமோட் ஃபேன் வாங்குவதையும் நிறுத்துங்கள். பையன் ஒருவன் ரிமோட்டை அமுக்கினால் அந்தப் பக்கத்து ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து நிற்கும், ஒரு மாதத்தில் ரிமோட்டே காணாமல் போகும். தனக்கென்றே ஒரு சுவர் ரெகுலேட்டரோடு வருகிற பிஎல்டிசி மாடல்களும் கடையில் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

கருத்தரங்க அறைக்குப் போனோம். ஏசி 16 டிகிரி, கதவு சாத்தாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முட்டுக்கொடுத்திருக்கிறது, உள்ளே ஒருத்தரும் இல்லை. 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிராது. நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். "அஞ்சு ஸ்டார் சார்" என்று ஸ்டிக்கரைக் காட்டினார்கள். அது எந்த வருஷத்து அஞ்சு ஸ்டார்? 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது அஞ்சாக இருந்தது நாலாக இறங்கியது. ஸ்டிக்கரில் வருஷத்தையும் பாருங்கள்.

இன்னொன்று, இதை யாருமே பார்ப்பதில்லை. எச்டி இணைப்பில், அதாவது உயர் அழுத்த இணைப்பில், யூனிட்டுக்கு மட்டுமல்ல, டிமாண்டுக்கும் காசு உண்டு. டிமாண்ட் என்றால் நீங்கள் இழுக்கிற அதிகபட்ச சுமை, கேவிஏ கணக்கில். மீட்டரில் பதிவான டிமாண்ட் அல்லது மின்வாரியத்திடம் சாங்ஷன் (அனுமதி) வாங்கிய அளவில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். 500 கேவிஏ வாங்கி வைத்துக்கொண்டு 350-ஐத் தாண்டாமல் ஓட்டினாலும் 450-க்கு பில் வரும். விளக்கையும் ஃபேனையும் மாற்றிய பிறகு சாங்ஷனைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை. அவசரப்பட்டும் குறைக்காதீர்கள், கோடை மாதப் பதிவையும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், மீறினால் தண்டம்.

கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வருவதற்கு இருபது நாள் முன்னால் கூப்பிட்டு "அறிக்கை மட்டும் கொடுங்க சார்" என்பவர்களுக்கு: எல்இடியை எண்ணி எழுத நான் எதற்கு, உங்கள் ஸ்டோர் கீப்பரே போதும்.

ஜன்னலோர வரிசை விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் போடுங்கள். கம்ப்யூட்டர் லேபில் ஸ்கிரீன் சேவர் எதையும் மிச்சப்படுத்தாது, ஸ்லீப் போகும்படி வையுங்கள். விடுதியில் பிள்ளைகள் ஒளித்து வைத்திருக்கும் ஹீட்டர் ராடைப் பிடுங்குவதோடு நிற்காமல் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வையுங்கள், வெந்நீர் கிடைத்தால் ராடை எவன் தேடப்போகிறான்?

கிளம்பும்போது முதல்வரிடம் கடந்த 12 மாத பில்லைக் கேட்டேன். "அது டிரஸ்ட் ஆபீசுக்குப் போயிடும் சார், நான் பார்த்ததில்ல" என்றார். அடுத்த முறை கூப்பிடும்போது அந்த நகல்களை முதலில் மேசையில் எடுத்து வையுங்கள். காபி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.