மஞ்சள் பத்திரிகை: ஒரு சிறுவனின் சட்டையிலிருந்து வந்த சொல்

நமக்கு மஞ்சள் மங்கலம். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்கிறோம். அப்படியிருக்க 'மஞ்சள் பத்திரிகை' என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? கடனைக் கட்ட முடியாமல் கொடுக்கும் மஞ்சக் கடுதாசிக்கும் இதற்கும் உறவில்லை. இது 1890களில் நியூயார்க்கில் பிறந்த 'யெல்லோ ஜர்னலிசம்' என்ற சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. அதன் பின்னால் இருப்பவர் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர்.

1847இல் ஹங்கேரியின் மாகோ நகரில் பிறந்தவர் அவர். 17 வயதில் அமெரிக்காவுக்குப் போய், உள்நாட்டுப் போரில் வடக்கின் குதிரைப்படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் செயின்ட் லூயிஸில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையின் நிருபர் ஆனார். 1869இல் மிசௌரி மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானபோது அவருக்கு வயது 22. உறுப்பினராக 24 ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 1878இல் ஏலத்துக்கு வந்த ஒரு பத்திரிகையை 2,500 டாலருக்கு எடுத்தார். 1883இல் நியூயார்க்கின் 'வேர்ல்ட்' நாளிதழை 3,46,000 டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். ஆனால் 1886இல் பதவியை விட்டு விலகிவிட்டார். பத்திரிகைதான் அவருக்கு எல்லாம்.

சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் இருந்தபோது, 1885இல் 'வேர்ல்ட்' வாசகர்களிடம் நிதி திரட்டியது. சில காசுகள் கொடுத்தவரின் பெயரும் அச்சில் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்து, ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது தொகை. 1887இல் நெல்லி பிளை என்ற நிருபர் மனநோயாளியாக நடித்து, மனநலக் காப்பகத்துக்குள் போய், அங்கே நடந்த கொடுமைகளை எழுதியதும் இதே 'வேர்ல்ட்'டில்தான். இவற்றைச் சொல்லாமல் புலிட்சரை வெறும் 'மஞ்சள்' என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, மஞ்சள் எங்கே வந்தது? ரிச்சர்ட் அவுட்கால்ட் என்பவர் 'வேர்ல்ட்'டில் வரைந்த கேலிச்சித்திரங்களில் மொட்டைத் தலையும் பெரிய காதுகளுமாக ஒரு குடிசைப்பகுதிச் சிறுவன் வருவான். 1896 தொடக்கத்திலிருந்து அவனுடைய நீண்ட அங்கி பளிச்சென்ற மஞ்சளில் அச்சானது. 'மஞ்சள் பையன்' என்றே அவனுக்குப் பெயர் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 'ஜர்னல்' நாளிதழை வாங்கியிருந்த வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், கூடுதல் சம்பளம் கொடுத்து அவுட்கால்ட்டை இழுத்துக்கொண்டார். புலிட்சர் விடவில்லை, வேறொரு ஓவியரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரையச் செய்தார். இரண்டு பத்திரிகைகளிலும் ஒரே பையன். கொட்டை எழுத்துத் தலைப்பு, ஊதிப் பெருக்கிய குற்றச்செய்தி என்று போட்டி முற்றியது. 1897 தொடக்கத்தில் 'நியூயார்க் பிரஸ்' ஆசிரியர் எர்வின் வார்ட்மன் இந்த இரண்டையும் சேர்த்து 'யெல்லோ ஜர்னலிசம்' என்று சாடினார். பையனின் அங்கியே பெயருக்குக் காரணம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த நிறத்தைப் புலிட்சர் சரியாகப் பார்த்திருக்கக்கூட முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது.

1898இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் 'மெய்ன்' போர்க்கப்பல் வெடித்து மூழ்கியபோது, விசாரணை முடியும் முன்பே ஸ்பெயின் மீது பழி விழும்படி தலைப்புகள் வந்தன. அடுத்து மூண்ட அமெரிக்க-ஸ்பெயின் போரே இந்தப் பத்திரிகைகளால்தான் வந்தது என்பது மிகை. ஆனால் சொல்லுக்கு அன்று ஏறிய கறை போகவில்லை.

தமிழுக்கு வந்தபோது பொருள் நகர்ந்துவிட்டது. 1940களில் சென்னையில் நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிய 'இந்துநேசன்' போன்ற ஏடுகளை மஞ்சள் பத்திரிகை என்கிறோம். அதன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944இல் கொலையான வழக்கு எல்லோரும் அறிந்தது. அப்புறம் ஆபாச இதழ்களுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கச் சொல்லோ செய்தியை ஊதுவதைத்தான் முதன்மையாகக் குறிக்கிறது.

ஆகவே இந்த இரண்டு பொருளையும் பிரித்துச் சொல்வதே சரி. அதற்கான சொற்களைப் பார்த்தால், பத்திரிகை வடமொழி வழி வந்தது. இலை என்ற பொருளுடைய 'பத்திர'த்திலிருந்து கிளைத்தது. நம் ஏடும் இதழும்கூட ஓலையையும் பூவையும் விட்டு அதிகம் விலகாதவை. பரபரப்பு, 'பரபர' என்ற இரட்டைக்கிளவியிலிருந்து வந்த நல்ல தமிழ்ச்சொல். அவசரமும் படபடப்பும் அதன் ஓசையிலேயே இருக்கின்றன. செய்தியை ஊதிப் பெருக்கும் போக்கைப் 'பரபரப்பு இதழியல்' என்று எழுதலாம். அந்தரங்கத்தை விற்கும் தாளை 'அவதூறு ஏடு' என்றால் போதும். 'மஞ்சள் இதழியல்' என்பதை, புலிட்சரும் ஹெர்ஸ்டும் மோதிக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.