யோடல்: குரல் உடைந்து தாவுவதற்குத் தமிழில் என்ன பெயர்?

யோடல் என்ற பாடும் முறையைச் சொன்னதும் 'யோ-ட-லெ-ஈ-ஊ' என்று தொண்டையில் ஏதோ வித்தை காட்டுவது என்றுதான் நினைக்கத் தோன்றும். வித்தைதான், ஆனால் எளிமையானது. சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்கள் முழுத் தடிமனோடு அதிர்கின்றன, அது நெஞ்சுக்குரல். சுருதி ஏற ஏற நாண்கள் இழுபட்டு மெலிந்து ஒரு கட்டத்தில் ஓரங்கள் மட்டும் அதிரத் தொடங்குகின்றன, அது கள்ளக்குரல். இரண்டுக்கும் நடுவில் ஒரு முறிவு உண்டு. மீசை முளைக்கிற வயதில் பையன்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் கீச்சென்று எகிறுமே, அந்த இடம். பாட்டு வாத்தியார்கள் அது வெளியே தெரியாமல் பாடத்தான் வருஷக்கணக்கில் பழக்குவார்கள். யோடல்காரர் அதை வேண்டுமென்றே காட்டுவார், அதன் மேல் இப்படியும் அப்படியும் குதித்துக்கொண்டே இருப்பார்.

சொல் ஜெர்மன். 'யோ' என்ற கூவலிலிருந்து பிறந்த வினை 'யோடெல்ன்'. நமக்கு 'கூ' என்ற ஒலியிலிருந்து கூவு வந்த மாதிரி. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கூப்பிட்ட குரல் இது. (ஜெர்மன் எழுத்தைப் பார்த்து 'ஜோடல்' என்று எழுத வேண்டாம், அங்கே அந்த எழுத்துக்கு 'ய' ஒலிதான்.)

சரி, மலைக்காரர்களின் கூவல் அமெரிக்காவின் 'கன்ட்ரி' என்ற நாட்டுப்புறப் பாணி இசைக்குள் எப்படிப் போனது? ஐரோப்பியப் பாடகர் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போய் யோடல் பாடியிருக்கின்றன, நாடக மேடைகளிலும் அது புழங்கியது. ஆனால் அதற்கு வேறு முகம் கொடுத்தவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயிலில் பிரேக்மேனாக, அதாவது பிரேக்கைக் கவனிக்கும் ஊழியராக, வேலை பார்த்தவர், காசநோயாளி. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊரில் முதல் ஒலிப்பதிவு, அதே ஆண்டு நவம்பரில் கேம்டனில் 'புளூ யோடல்'. அதில் அவர் செய்த சோதனை என்னவென்றால், கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டை எடுத்து, சோகமான வரி முடிகிற இடத்தில் இந்த யோடலைக் கொண்டுபோய் ஒட்டினார். மலையில் உற்சாகமாக ஒலித்தது இவர் தொண்டையில் வேறு மாதிரி ஆகிவிட்டது, பேச்சு நின்றுபோய்க் குரல் மட்டும் உடைகிற மாதிரி. பாட்டு பெரிய வெற்றி. அதே 'புளூ யோடல்' வரிசையில் மொத்தம் 13 பாட்டுகள் வந்தன, ஒன்பதாவதில் டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், 1930இல். ராட்ஜர்ஸ் 1933இல் இறந்தபோது வயது 35தான்.

நமக்கும் இது புதிதல்ல. இந்தியில் கிஷோர் குமார், தமிழில் ஜே.பி. சந்திரபாபு. சந்திரபாபுவின் பாட்டில் இந்தக் குதிப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை.

இனி தமிழ்ச்சொல். 'குலவை' என்று சொல்லத் தோன்றலாம், எனக்கு ஒப்புதல் இல்லை. கல்யாணத்திலும் நடவிலும் நம் பெண்கள் இடும் குலவையில் குரல் உச்சியிலேயே நிற்கிறது, நாக்குதான் ஆடுகிறது. பிர்காவும் ஆகாது, அதில் சுரங்கள் வேகமாக உருளும், முறிவு கேட்டால் அது பிழை. 'கள்ளக்குரல்' பாதிதான் சரி, ஏனென்றால் அது போய்ச் சேரும் இடத்தின் பெயர், போகிற போக்கின் பெயர் அல்ல. இங்கே பெயர் வேண்டியது அந்தத் தாவலுக்கு.

அதனால் என் ஓட்டு 'தாவுகுரல்'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, வாயிலும் சுலபமாக நிற்கிறது. 'தாவுகுரலில் பாடினார்', 'தாவுகுரல் எடுத்தார்' என்றெல்லாம் தடையில்லாமல் எழுதலாம். 'புளூ யோடல்' மட்டும் பாட்டின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம்.