டிஸ்க் தெரியவில்லை என்றதும் ரெய்டு மெனுவுக்குள் போகாதீர்கள்

மறுபடியும் அதே கதை. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்தப் பதிப்புக்கு அப்டேட் நின்றுவிட்டதால், புதிய பதிப்புக்கு மாறலாம் என்று அலுவலகத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவுதான். பென்டிரைவிலிருந்து பூட் செய்தார்கள், இன்ஸ்டாலர் வந்தது, டிஸ்கைத் தேர்வு செய்யும் பக்கம் மட்டும் காலி. பொறுப்பில் இருந்தவர் ரீபூட் செய்து, கன்ட்ரோல்-ஆர் அழுத்தி ரெய்டு கார்டின், அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்காகக் காட்டும் கார்டின், மெனுவுக்குள் போனார். அப்படிச் சேர்த்து வைத்திருந்த வர்ச்சுவல் டிஸ்கை அழித்தார், புதிதாக ஒன்றை உருவாக்கினார், இனிஷியலைஸும் கொடுத்துவிட்டார். அதற்கு அப்புறமும் இன்ஸ்டாலரில் டிஸ்க் வரவில்லை. எனக்குப் போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

போன் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அந்த டேட்டா முழுசாக இருந்திருக்கும். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸுக்கு டிஸ்க் தெரியவில்லை என்பது வேறு, டிஸ்க் செத்துவிட்டது என்பது வேறு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று காலை வரை அதே டிஸ்குகளில்தான் சென்ட்ஓஎஸ் 7 ஓடியது. பென்டிரைவைச் செருகிய அரை மணி நேரத்தில் ரெய்டில் இருந்த அத்தனை டிஸ்கும் ஒன்றாகச் சாகுமா? ஒன்று போகலாம், கெட்ட நேரமாக இருந்தால் இரண்டு போகலாம். எல்லாமே ஒரே நேரத்தில் காணாமல் போனால், அவற்றுக்குப் பொதுவாக எது இருக்கிறதோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது ரெய்டு கார்டாக இருக்கலாம், கார்டுக்கு வரும் கேபிளாக இருக்கலாம், கார்டோடு பேச வேண்டிய டிரைவராக இருக்கலாம். பூட் ஆகும்போதே அந்தக் கார்டு ‘ஒரு வர்ச்சுவல் டிரைவ் இருக்கிறது’ என்று திரையில் காட்டிவிட்டுத்தான் போகிறது. கார்டுக்கு டிஸ்க் தெரிகிறது, இன்ஸ்டாலருக்குத் தெரியவில்லை. அப்படியானால் பழுது கார்டுக்கும் லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே கிடக்கிற டிஸ்கை அழித்து என்ன ஆகப்போகிறது?

இந்த வகைக் கேஸில் நடந்திருப்பது இதுதான். அந்தச் சர்வரில் இருந்தது டெல்லின் பெர்க் 6/ஐ கார்டு. அதன் பிசிஐ எண், அதாவது கார்டின் அடையாள எண், 1000:0060. சென்ட்ஓஎஸ் 7-ன் 3.10 கெர்னலில் இருந்த மெகாரெய்டு-எஸ்ஏஎஸ் டிரைவர் இந்த எண்ணைப் பார்த்ததும் கார்டை எடுத்துக்கொள்ளும். சென்ட்ஓஎஸுக்கு மூலமான ரெட்ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பு 2019 மே மாதம் வந்தபோது, அதே பெயருள்ள டிரைவர் அதிலும் இருந்தது. ஆனால் பழைய கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவை ரெட்ஹேட் எடுத்துவிட்டது. ஹெச்பி சர்வர்களில் இருக்கும் ஸ்மார்ட் அர்ரே பி410ஐ மாதிரியான கார்டுகளுக்கும் இதே கதிதான். இது ரகசியமாக நடந்ததும் இல்லை. எந்தெந்த எண்கள் போய்விட்டன என்று அவர்களுடைய ஆவணத்திலேயே பட்டியல் இருக்கிறது. அப்கிரேடுக்கு முன்னால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

‘மாட்ப்ரோப் போட்டுப் பார்த்தேன் சார், டிரைவர் எர்ரர் இல்லாமல் லோடு ஆகிறது, அப்படியும் டிஸ்க் வரவில்லை, அதனால் டிஸ்க்தான் போயிருக்கும்.’ எனக்கு அதிகம் எரிச்சல் தருகிற வாக்கியம் இது. மாட்ப்ரோப் என்பது டிரைவரைக் கையால் லோடு செய்யும் கட்டளை. டிரைவர் லோடு ஆவதும் ஒரு கார்டை அது தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இந்த மெஷினில் கார்டே இல்லாவிட்டாலும் மாட்ப்ரோப் சந்தோஷமாக லோடு செய்துவிட்டுப் போகும். டிரைவரின் பட்டியலில் உங்கள் கார்டின் எண் இல்லையென்றால் அது மெமரியில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒரு எர்ரரும் வராது. மாட்இன்ஃபோ கொடுத்தால் அந்த டிரைவர் எந்தெந்த எண்களை ஏற்கும் என்று ஏலியஸ் வரிகளில் வரும். உங்கள் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூறு தடவை மாட்ப்ரோப் போட்டாலும் அதே பதில்தான்.

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஸ்டாலர் திரையிலேயே கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் ஷெல் கிடைக்கும். மெஷினில் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பங்களோடு கொடுங்கள். ரெய்டு கார்டின் வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் அந்த நான்கு நான்கு இலக்க எண் இருக்கும். அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர் கார்டை எடுத்துக்கொண்டது, பிரச்சினை அதற்கும் கீழே. கார்டின் பெயர் இருந்து அந்த வரி மட்டும் இல்லையென்றால் பிரச்சினை டிரைவர்தான், டிஸ்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கார்டே பட்டியலில் இல்லையென்றால் கார்டைக் கழற்றி மாட்டுங்கள், ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள், பயாஸைப் பாருங்கள். ஒரே ஒரு கட்டளை, மூன்று பதில். இதைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

இன்னொரு எளிய வழி, டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் கொடுப்பது. மூலக் கெர்னலிலிருந்து அந்த எண்கள் நீக்கப்படவில்லை, நீக்கியது ரெட்ஹேட் தன் பதிப்பில்தான். அதனால் டெபியனில் டிஸ்க் அப்படியே எழுந்து நிற்கும். பார்த்ததும் மனசு ஆறும்.

சரி, தீர்வு என்ன? ரெட்ஹேட்டோடு ஒத்துப்போகும் அல்மாலினக்ஸ் 9.4, 2024 மே மாதம் வந்தது, ரெட்ஹேட் கைவிட்ட பழைய கார்டுகள் பலவற்றின் ஆதரவைத் திரும்பக் கொண்டுவந்தது. மெகாரெய்டு-எஸ்ஏஎஸ், ஹெச்பிஎஸ்ஏ, எம்பிடி3எஸ்ஏஎஸ், ஏஏசிரெய்டு எல்லாம் அதில் உண்டு. அது ஒத்துவராது என்றால் வெளி டிரைவர்களைக் கட்டித் தரும் எல்ரெப்போவின் டிரைவர் டிஸ்க் இருக்கிறது. பூட் வரியில் இன்ஸ்ட்-டிடி கொடுத்து அதை ஏற்ற வேண்டும், உங்கள் பதிப்பின் புள்ளி எண்ணுக்குப் பொருந்தும் டிரைவர் டிஸ்கையே எடுக்க வேண்டும். அதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த புள்ளிப் பதிப்புக்கு அப்டேட் செய்யும்போது வெளி டிரைவர் புதிய கெர்னலோடு ஒட்டாமல் போனால், ரீபூட்டில் டிஸ்க் மறுபடியும் காணாமல் போகும். அப்போது பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னல் இருந்தால்தான் பிழைப்பீர்கள். இடம் போதவில்லை என்று பழைய கெர்னலை எல்லாம் அழித்துவிடாதீர்கள்.

டிரைவருக்கு நியூ-ஐடி கோப்பு வழியாகப் புது எண்ணைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரெய்டு கார்டில், அதுவும் நிஜ டேட்டா இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். எண்ணைப் பார்த்துத்தான் கார்டோடு எந்த முறையில் பேசுவது என்று இந்த டிரைவர் முடிவு செய்கிறது.

லேப்டாப்புகளில் இதே நோயின் வேறு முகம். விண்டோஸோடு வந்த இன்டெல் லேப்டாப், பக்கத்தில் லினக்ஸ் போடலாம் என்றால் எஸ்எஸ்டி தெரியாது. பயாஸில் ஸ்டோரேஜ் ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருக்கும், 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு. கெர்னல் பாவம், வாய் திறந்தே சொல்கிறது: ரீமேப் செய்த என்விஎம்இ இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்று, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் வரி இருக்கும். ஆனால் அதைப் படித்தவுடன் பயாஸை மாற்றிவிடாதீர்கள்! விண்டோஸ் அடுத்த தடவை நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் விண்டோஸை அடுத்த பூட் சேஃப் மோடில் வரும்படி அமைத்துவிட்டு, பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றி, பழையபடி திருப்புங்கள். விஎம்டி மட்டும்தான் என்றால் புதிய கெர்னல் உள்ள டிஸ்ட்ரோவை முதலில் முயன்று பாருங்கள், பயாஸில் கைவைக்காமலேயே வேலை முடியலாம்.

அடுத்தது வர்ச்சுவல் மெஷின்களை இடம் மாற்றும் கேஸ்கள். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியதற்கு அப்புறம் அதை விட்டு பிராக்ஸ்மாக்ஸ் என்ற இன்னொரு வர்ச்சுவல் மெஷின் தளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். மெஷினின் டிஸ்க் இமேஜைக் கொண்டுபோய், அங்கே வழக்கமான விர்ட்ஐஓ வகை டிஸ்காக மாட்டி, ஸ்டார்ட் கொடுத்தால், பூட்டின் தொடக்கத்தில் டிஸ்கைத் தேடும் டிராகட் சில நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சி ஷெல்லில் கொண்டுபோய் விடும். உடனே ‘இமேஜ் கரப்ட்’ என்று முழு இமேஜையும் மறுபடி காப்பி எடுக்கிறார்கள். இரவு முழுக்க ஓடும் காப்பி, காலையில் அதே ஷெல். இமேஜ் நன்றாகத்தான் இருக்கிறது. ரெட்ஹேட் வகையில் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு தொகுப்பு, அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக் கட்டப்படுகிறது. விஎம்வேரில் பிறந்ததற்கு விர்ட்ஐஓவைத் தெரியாது. கிரப் மெனுவின் கடைசியில் இருக்கும் ரெஸ்க்யூ வரியைத் தேர்ந்தெடுங்கள், அது எல்லா டிரைவரோடும் கட்டப்பட்டது, பெரும்பாலும் எழுந்துவிடும். இல்லையென்றால் பிராக்ஸ்மாக்ஸில் கன்ட்ரோலரை விஎம்வேர் பிவிஎஸ்சிஎஸ்ஐ என்று வைத்து, டிஸ்கை எஸ்சிஎஸ்ஐயாக மாட்டி பூட் செய்யுங்கள். உள்ளே போனதும் விர்ட்ஐஓ டிரைவர்களைச் சேர்த்து டிராகட்டை ஓட்டி இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டிவிட்டு, டிஸ்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றிக்கொள்ளலாம். டெபியன், உபுண்டுவில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே வழக்கமாகவே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

சொந்தமாகக் கெர்னல் கம்பைல் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூட்டை, அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனை, மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆகும்போது அடைப்புக்குள் வரும் எண்களைப் படியுங்கள். 0,0 என்றால் ரூட் இருக்கும் டிஸ்கே கெர்னல் கண்ணில் படவில்லை, டிரைவரைத் தேடுங்கள். 8,1 மாதிரி வந்தால் டிஸ்கும் பார்ட்டிஷனும் தெரிந்துவிட்டன, ஃபைல் சிஸ்டம் பக்கம் போங்கள்.

நிஜமாகவே டிஸ்கோ கேபிளோ போன கேஸ்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவை வேறு மாதிரி பேசும். டிமெசேஜில் ஒரே ஒரு ஏடிஏ போர்ட் மட்டும் லிங்க் டவுன் என்றோ காம்ரீசெட் தோல்வி என்றோ திரும்பத் திரும்பப் புலம்பும். அப்போதும் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண், அதாவது சிஆர்சி எர்ரர், ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. யூஎஸ்பி பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த டிஸ்க் சுழலவே இல்லையென்றால், பழைய பவர் சப்ளையின் 3.3 வோல்ட் கம்பி அதன் மூன்றாவது பின்னில் பட்டு டிஸ்கை அணைத்தே வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட டிஸ்குகளைக் கூட ஆர்எம்ஏ என்று, அதாவது பழுது என்று கம்பெனிக்கே, திருப்பி அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

இனி, தயவுசெய்து. அப்கிரேடுக்கு முந்தின நாளே புதிய பதிப்பின் லைவ் அல்லது இன்ஸ்டாலர் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். பேக்கப் எடுத்தால் போதாது, வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரெய்டு மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்: ரெய்டு லெவல், ஸ்ட்ரைப் அளவு (டேட்டாவை டிஸ்குகளுக்குப் பிரித்து எழுதும் துண்டின் அளவு), எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில். ‘ஃபாரின் கன்ஃபிக்’, அதாவது தனக்குத் தெரியாத ரெய்டு அமைப்பு டிஸ்கில் இருக்கிறது என்று கார்டு கேட்டால் கிளியர் கொடுக்காதீர்கள். எல்லா டிஸ்கும் ஸ்லாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் எதையும் அழுத்தாமல் பவரை நிறுத்துங்கள். இனிஷியலைஸ் பட்டன் பக்கம் விரலே போகக் கூடாது. ஃபாஸ்ட் என்றாலும் முதலையும் கடைசியையும் அழித்துவிடும், ஃபுல் என்றால் மொத்தமும் பூஜ்ஜியம்.

ஏற்கெனவே வர்ச்சுவல் டிஸ்கை அழித்துவிட்டீர்கள், ஆனால் இனிஷியலைஸ் கொடுக்கவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. பழைய அதே வரிசையில், அதே ஸ்ட்ரைப் அளவில், இனிஷியலைஸ் இல்லாமல் மறுபடி உருவாக்கினால் டேட்டா அப்படியே திரும்ப வரலாம். ஆனால் அதைத் தனியாக முயலாதீர்கள். முதலில் ஒவ்வொரு டிஸ்கையும் வேறு கன்ட்ரோலரில் மாட்டி டிடிரெஸ்க்யூ என்ற காப்பி கருவியில் குளோன் எடுக்க வேண்டும். போட்டோ இல்லாமல் வரிசையை ஊகித்து ஊகித்துப் பார்ப்பது நாள்கணக்கில் இழுக்கும்.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் ‘டிஸ்க் காணோம்’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். எல்எஸ்பிசிஐ என்என்கே வெளியீடு, முழு டிமெசேஜ், கடைசிப் பத்து வரி அல்ல, முழுசும், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறினீர்கள், கடைசியாக டிஸ்க் எப்போது வேலை செய்தது, அதற்குப் பிறகு என்னென்ன தொட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் எதையும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. ரெய்டு மெனுவில் என்ன அழுத்தினீர்கள் என்று தெரிந்தால்தான் எதிலிருந்து தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும்.